வெள்ளைக் குச்சிகளுக்கு இப்பால்

கோல்ஃப் ஆடிப் பழகியவர்களிடம் குடியிருப்பு வளாகத்துக்குள் அமைந்த மைதானங்களைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலானோர் உதட்டைப் பிதுக்குவார்கள். பந்தை அடித்துச் செல்லும் புல்பாதையான ஃபேர்வேயின் இருபுறமும் வீடுகள் நெருக்குகின்றன, குழி இருக்கும் கிரீனை விட்டு, அடுத்த குழிக்கான முதல் அடியை அடிக்கும் டீக்குப் போக வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது, கண்ணுக்கு எட்டிய வரை பரந்த வெளி என்று எதுவும் இல்லை என்று குறைகளை அடுக்குவார்கள். இவற்றில் பாதிக்கு மேல் நியாயமான குறைகள். இருந்தும், அப்படிப்பட்ட பொது மைதானம் ஒன்றுக்கு அண்மையில் சென்று 18 குழிகளையும் ஆடி முடித்த பிறகு, இந்த வகை மைதானத்துக்காகப் பரிந்து பேச வேண்டும் என்று தோன்றியது. மற்ற மைதானங்களில் கைதவறிய பந்து புதரில் விழும், அல்லது தண்ணீரில் விழும். இங்கே அது இன்னொருவர் குடியிருக்கும் இடத்தில் விழும். அந்த ஒரு வேறுபாடு ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் மாற்றுகிறது, அதுவும் நல்ல விதமாகவே மாற்றுகிறது என்பது என் எண்ணம்.

நான் ஆடியது வளாகத்தோடு சேர்ந்து உருவான தனியார் மைதானம். ஆனால் உறுப்பினராக இருக்க வேண்டும், யாராவது பரிந்துரைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு எதுவும் இல்லை. அன்றைய ஆட்டத்துக்கான கட்டணத்தைச் செலுத்தும் எவரும் ஆடலாம். வளாகத்தின் நுழைவாயிலில் காவலர் முன்பதிவுப் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து உள்ளே விடுகிறார். அங்கிருந்து கிளப் ஹவுஸ் வரை, பூச்செடிகளுக்கு நீர் விடுபவர்களையும் நாயோடு நடப்பவர்களையும் கடந்து, குடியிருப்பின் தெருக்கள் வழியாகவே வண்டியில் போக வேண்டியிருக்கிறது. ஆட வருபவருக்கு இது பயனுள்ள அறிமுகம். டீயில் நிற்பதற்கு முன்பே, யாருடைய வாழ்விடத்தின் ஊடாகப் பந்தை அடிக்கப் போகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

வீடும் கோல்ஃபும் அருகருகே இருப்பது புதிய செய்தியல்ல. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்டு கோர்ஸ் மைதானத்தின் முதல் குழியையும் பதினெட்டாம் குழியையும் பொதுப்பாதை ஒன்று குறுக்காகவே கடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் புல்வெளியில் காலாற நடக்கிறார்கள். அங்கே மைதானமும் ஊரும் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்தன. ஒரே கையால் இரண்டையும் திட்டமிட்டு அமைக்கும் முறை பின்னால் வந்தது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் செயின்ட் ஜார்ஜஸ் ஹில் என்ற குடியிருப்போடு சேர்த்து ஹாரி கோல்ட் வடிவமைத்த மைதானம் 1913-இல் திறக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் 1919-இல் திறக்கப்பட்டபோது அதன் பின்னணியில் இருந்த சாமுவேல் மோர்ஸ், கடலோர நிலத்தை வீட்டுமனைகளாகக் கூறுபோட்டு விற்காமல், ஆட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு வீடுகளை உட்புறமாகத் தள்ளிவைத்தார். கட்டணம் செலுத்தும் எவரும் ஆடக்கூடிய மைதானம் ஒன்றில் முதன்முறையாக யு.எஸ். ஓப்பன் போட்டி நடந்தது, 1972-இல், அங்கேதான். குடியிருப்பு மைதானம் என்றாலே இரண்டாந்தரம் என்று பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். வீடுகள் இருப்பதாலேயே ஒரு மைதானம் கெட்டுவிடுவதில்லை. நிலத்தின் நல்ல பகுதி யாருக்கு முதலில் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் தரம் அமைகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட பல வளாகங்களில் மனைகள்தான் முதல் இடத்தைப் பிடித்தன. கோல்ஃப் மைதானத்தைப் பார்த்திருக்கும் மனைக்கு விலை கூடுதல் என்பதால், அப்படிப்பட்ட மனைகளின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினார்கள். ஃபேர்வேக்களை ஒன்றையொன்று ஒட்டி ஒரே தொகுதியாக வைத்தால் வெளி ஓரத்தில் மட்டுமே வீடுகள் வரும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடை போல வளாகம் முழுதும் நீட்டி விட்டால், ஒவ்வொன்றின் இரு கரைகளிலும் வீடுகளை வைக்கலாம். இந்த இரண்டாவது முறையில் அமைந்த மைதானங்களில்தான் கிரீனுக்கும் அடுத்த டீக்கும் இடையே தெருவைக் கடந்தும் சுரங்கப்பாதை வழியாகவும் போக வேண்டியிருக்கிறது. நடந்து ஆட விரும்புவோரையும் கார்ட் என்ற சிறு வண்டியை எடுக்க வைப்பது இந்த அமைப்பே. நான் சென்ற மைதானத்தில் இரண்டு முறைகளும் கலந்திருந்தன. முதல் ஒன்பது குழிகள் பெரும்பாலும் ஒரே திறந்த வெளியில் அருகருகே அமைந்திருந்தன. பின் ஒன்பது வீடுகளுக்கிடையே வளைந்து வளைந்து போயிற்று. ஒரே நாளில் இரண்டையும் ஆடியபோது, வரைபடத்தில் மட்டுமே பார்த்துவந்த வேறுபாடு காலுக்கும் கைக்கும் தெளிவாகப் புரிந்தது.

தனியாக வருபவரை, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஊழியரான ஸ்டார்ட்டர் வேறு குழுவோடு சேர்த்துவிடுவது பொது மைதானங்களின் வழக்கம். எனக்கு அந்த வளாகத்திலேயே வசிக்கும் ஓய்வுபெற்ற தம்பதியரும், என்னைப் போலவே வெளியிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவரும் வாய்த்தார்கள். முன்பின் தெரியாத நால்வர் நான்கு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து நடப்பதற்கு இந்த ஆட்டம் தரும் வாய்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். தம்பதியரின் வீடு பதினான்காம் ஃபேர்வேயை ஒட்டி இருந்ததால், அன்று வேலியின் இரு பக்கத்துப் பார்வையும் கேட்கக் கிடைத்தது.

ஒவ்வொரு குழிக்கும் வெவ்வேறு தூரத்தில் பல டீக்கள் உண்டு; எந்த டீயிலிருந்து ஆடுவது என்ற பேச்சு முதலில் வந்தது. ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு டீக்கும், தேர்ந்த ஆட்டக்காரருக்கு எத்தனை அடி ஆகும் என்று காட்டும் கோர்ஸ் ரேட்டிங்கும் ஸ்லோப் எண்ணும் அச்சிட்டிருந்தார்கள். ஸ்லோப் என்பது 55-இலிருந்து 155 வரை போகும் எண். 113 என்பது நடுத்தரக் கடினத்துக்கான அளவுகோல். எண் கூடக் கூட, தேர்ந்த ஆட்டக்காரரைக் காட்டிலும் சாதாரண ஆட்டக்காரர் கூடுதலாகத் திணறுவார் என்று பொருள். மொத்த நீளத்தைப் பார்த்தால் இந்த மைதானம் சிறியதுதான். ஆனால் ஸ்லோப் எண் 113-ஐ நன்றாகத் தாண்டியிருந்தது. நீளம் இல்லாத மைதானத்துக்கு இவ்வளவு கடினம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அட்டையின் பின்புறத்தில் விடை இருந்தது. அங்கே அச்சிட்டிருந்த உள்ளூர் விதிகளில் பெரும்பகுதி எல்லையைப் பற்றியது. இளைஞர் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் கடைசி டீயிலிருந்து ஆட ஆசைப்பட்டார். முன்னால் இருக்கும் டீக்கு வந்தால் நெடுந்தூரம் அடிப்பதற்கான டிரைவர் மட்டையை எடுக்கும் தேவையே பல குழிகளில் இருக்காது என்று அந்த அம்மையார் எடுத்துச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

எல்லையின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தகைய மைதானத்தில் ஸ்கோரைத் தீர்மானிப்பது அதுதான். 200 மீட்டர் பறக்கும் ஓர் அடி, குறிவைத்த திசையிலிருந்து 10 பாகை விலகினால், விழும் இடத்தில் அது சுமார் 35 மீட்டர் பக்கவாட்டில் போயிருக்கும். விலகல் 15 பாகையானால் 50 மீட்டரைத் தாண்டிவிடும். சாதாரண ஆட்டக்காரருக்கு 15 பாகை விலகல் என்பது அதிசயமே இல்லை. வலக்கைக்காரர்களில் பெரும்பாலானோருக்கு ஸ்லைஸ் உண்டு. அதாவது பந்து வலப்பக்கமாக வளைந்து ஓடும். எனவேதான் அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள், நிலத்தின் ஓரத்தில் போகும் குழிகளைக் கடிகாரத் திசையில் அமைக்க முயல்கிறார்கள். அப்படிச் சுற்றும்போது வெளி எல்லை ஆட்டக்காரரின் இடப்பக்கம் இருக்கும்; ஸ்லைஸ் ஆன பந்து மைதானத்தின் உட்புறம் நோக்கியே போகும். முதல் ஒன்பதில் இந்தக் கவனம் தெரிந்தது. எல்லை முழுதும் இடப்பக்கம் இருந்ததால் நால்வரும் தயக்கமில்லாமல் அடித்தோம்.

பின் ஒன்பதில் அந்தச் சலுகை இல்லை. பதினோராம் குழியில் ஃபேர்வே வலப்பக்கம் திரும்புகிறது. திருப்பத்தின் உள்மூலையில் இரண்டு வீடுகள், அவற்றுக்கு முன்னால் வரிசையாக, மைதானத்தின் எல்லையைக் குறிக்கும் வெள்ளைக் குச்சிகள். மூலைக்கு மேலாக அடித்தால் கிரீனுக்குக் குறுக்குவழி கிடைக்கும் என்ற ஆசையை நிலமே மூட்டுகிறது. வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் இதுதான். மனைகளை விற்ற பிறகு திருப்பத்தின் உள்மூலையில் வீடு கட்ட விடுவது, அதில் குடியேறப் போகிறவரைப் பற்றிச் சிறிதும் யோசிக்காமல் செய்யும் செயல். அந்தக் கூரையின் ஓடுகளில் மாற்றப்பட்டவை வேறு நிறத்தில் தெரிந்தன. நான் ஏழாம் எண் அயர்ன் மட்டையை எடுத்துத் திருப்பத்தின் முனைக்கு அடித்துவிட்டு, அங்கிருந்து நீண்ட இரண்டாவது அடியை ஆடினேன். குழிக்கு வகுத்த அடிகளான பாரைவிட ஓர் அடி கூடுதலாக, அதாவது போகியில் முடிந்தது. அதே குழியை மீண்டும் ஆடினாலும் அப்படித்தான் ஆடுவேன்.

இளைஞர் மூலையை முயன்றார். பந்து ஓட்டுக்கூரையில் பட்டு, ஓசையோடு எகிறி, வெள்ளைக் குச்சிகளுக்கு இப்பால் வந்து, உயர்ந்த புல்லான ரஃபில் நின்றது. அதை ஆடலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம். தாராளமாக ஆடலாம். பந்து பறந்த வழி எல்லைக்கு வெளியே போயிருந்தாலும், வெளியே இருக்கும் பொருளில் பட்டிருந்தாலும், கடைசியில் எங்கே ஓய்ந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஆனால் அந்த அடியை ஆடும் முன் அவர் வேலி ஓரமாகப் போய், சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த வீட்டுக்காரரிடம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தார். ஓடு உடையவில்லை என்று பிறகு தெரிந்தது. பின்னால் வந்த குழு காத்திருந்ததைப் பற்றி நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. அந்த நிமிடங்கள் அங்கே செலவிடப்பட வேண்டியவை.

பன்னிரண்டாம் குழியில் எல்லைக் கோட்டை முழங்காலிட்டுப் பார்க்கும் நிலை வந்தது. பெரியவரின் பந்து இரண்டு குச்சிகளுக்கு நடுவில் புல்லுக்குள் புதைந்து கிடந்தது. குச்சிகளின் மைதானப் பக்க விளிம்புகளைத் தரைமட்டத்தில் இணைத்தால் கிடைக்கும் கோடே எல்லை; குச்சிகளும் எல்லைக்கு வெளியே உள்ளவையாகவே கருதப்படும். பந்து முழுவதும் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தால் மட்டுமே எல்லை தாண்டியதாகும். அவருடைய பந்தின் ஒரு விளிம்பு கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. 42.67 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தில் நகக்கண் அளவு உள்ளே இருந்தாலும் போதும் என்பதால், அபராதமில்லாமல் ஆடலாம் என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம். நிற்பதற்கு இடம் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. ஆட்டக்காரர் வெளியே நின்றுகொண்டு உள்ளே இருக்கும் பந்தை அடிப்பதை விதி அனுமதிக்கிறது. அதே சமயம், கால் வைக்கும் நிலம் யாருடையது என்பது கோல்ஃப் விதிப் புத்தகத்துக்கு அப்பாற்பட்ட கேள்வி. அங்கே குச்சிகளுக்கும் தோட்டத்துச் செடிவேலிக்கும் இடையே வளாகத்துக்குச் சொந்தமான புல் பட்டை இருந்ததால் சிக்கலில்லை. அது ஒருவருடைய தோட்டமாக இருந்திருந்தால் பந்தை விட்டுவிடுவதே முறை. இடைஞ்சலாக இருந்த குச்சியைப் பிடுங்கவும் கூடாது. எல்லையைக் குறிப்பவற்றை அசைப்பதற்கு விதி இடம் தருவதில்லை. அவர் கிளப்பைக் குட்டையாகப் பிடித்து, பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிட்டார்.

எல்லை தாண்டிய பந்துக்கு ஸ்கோரில் ஓர் அடியைக் கூட்டும் அபராதம், அத்துடன் முன்பு ஆடிய இடத்துக்கே திரும்பிப் போய் ஆட வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. ஆகவே சந்தேகம் வந்தால் அங்கேயே தற்காலிகப் பந்து ஒன்றை ஆடிவிட்டுப் போவது நல்லது. அப்படி ஆடும்போது அது தற்காலிகப் பந்து என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆட வேண்டும். பேசாமல் இன்னொரு பந்தை எடுத்து அடித்தால் அதுவே ஆட்டத்தில் உள்ள பந்தாகிவிடும். 2019-இல் விதிகள் திருத்தப்பட்டபோது பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. அதே திருத்தத்தோடு, விரும்பும் மைதானங்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய மாதிரி உள்ளூர் விதி ஒன்றும் வந்தது: திரும்பிப் போகாமல், பந்து எல்லை தாண்டியதாகக் கணிக்கும் இடத்துக்கு நேராக, குழிக்கு நெருங்காதபடி, ஃபேர்வே ஓரத்தில் இரண்டு அடி அபராதத்தோடு பந்தைப் போட்டு ஆடலாம். உயர்நிலைப் போட்டிகளுக்கு இது ஏற்றதல்ல. பொது மைதானத்தின் அன்றாட ஆட்டத்துக்கோ இது பெரிய வரம். நான் ஆடிய இடத்தில் இதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அட்டையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வெள்ளைக் குச்சிகள் நிறைந்த எல்லாப் பொது மைதானங்களும் இதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். ஆட்டம் தேங்காது, வேலிக்கு மேலே எட்டிப்பார்த்துக்கொண்டு நிற்பவர்களும் குறைவார்கள்.

பதினான்காம் குழியில் தம்பதியரின் வீட்டை ஒட்டிச் சற்று நின்றோம். டீயிலிருந்து பார்த்தால் அது இடப்பக்கம், டீக்கு வெகு அருகில் இருக்கிறது. வேண்டுமென்றே அந்த மனையைத் தேர்ந்தெடுத்ததாக அம்மையார் சொன்னார். டீக்குப் பக்கத்திலோ பின்னாலோ இருக்கும் வீட்டுக்குப் பந்து வருவது அரிது; காலையில் ஆட்டக்காரர்களின் பேச்சுச் சத்தம்தான் தொல்லை. கிரீனுக்குப் பின்னால் இருந்தால் தாண்டிவரும் சில பந்துகள் தோட்டத்தில் உருளும். மிகவும் அடிபடுவது, வலப்பக்கம், டீயிலிருந்து ஏறத்தாழ 180 முதல் 230 மீட்டர் தொலைவில் இருக்கும் வீடுகள். அப்படிப்பட்ட வீடு ஒன்றை எதிர்க்கரையில் காட்டினார்: ஜன்னல்களுக்கு முன்னால் கம்பிவலை, திண்ணையில் நாற்காலி எதுவும் இல்லை. 46 கிராமுக்குச் சற்றுக் குறைவான எடையுள்ள பந்து, சாதாரண ஆட்டக்காரரின் டிரைவரிலிருந்துகூட மணிக்கு 200 கிலோமீட்டரையொட்டிய வேகத்தில் கிளம்புகிறது. வேகம் குறைந்து வந்து விழும்போதும் கண்ணாடியை உடைக்க அது போதும். குடியிருப்பில் வீடு வாங்க நினைப்பவர்கள் மாலை வெயிலில் பச்சைப்புல்லைப் பார்த்து மயங்காமல், சனிக்கிழமை காலையில் அந்த மனையில் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும் என்பது அவர்களின் அறிவுரை.

இந்த மோதல் நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. இங்கிலாந்தில் 1922-இல் தீர்ப்பு வந்த ஒரு வழக்கில், சாலையை ஒட்டியிருந்த பதின்மூன்றாம் டீயிலிருந்து ஸ்லைஸ் ஆன பந்து வாடகைக் கார் ஒன்றின் முன்கண்ணாடியை உடைத்து ஓட்டுநரின் ஒரு கண்ணைப் பறித்தது. அங்கே பந்துகள் அடிக்கடி சாலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், டீ அமைந்திருந்த இடமே பொதுத் தொல்லை என்று நீதிமன்றம் கண்டது. அண்மைக்காலத்தில், பதினைந்தாம் குழியை ஒட்டிய வீட்டில் நூற்றுக்கணக்கான பந்துகள் விழுந்த வழக்கில் ஜூரி எனப்படும் நடுவர் குழு வீட்டுக்காரர்களுக்குப் பெருந்தொகை வழங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் அதை ரத்து செய்தது. மைதானம் நியாயமான முறையில் நடப்பதற்கு மனைப் பத்திரங்களே உரிமை வழங்கியிருந்தனவா என்பதை நடுவர் குழு கருத்தில் கொள்ளும்படி அறிவுறுத்தப்படவில்லை என்பதே காரணம். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பத்திரம் என்ன சொன்னாலும் சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும், பந்தை அடித்தவரின் பொறுப்பு அடித்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. பந்து யாரையாவது நோக்கிப் போனால் ‘ஃபோர்’ என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். பலர் கூச்சப்பட்டு முணுமுணுக்கிறார்கள். வீடுகளுக்கு நடுவே ஆடும்போது அந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைதானத்தில் நான்கு குளங்கள் இருந்தன. அவை அழகுக்காக வெட்டப்பட்டவை என்று நினைத்திருந்த இளைஞருக்கு, வளாகத்தில் நீண்டகாலம் பராமரிப்புக் குழுவில் இருந்த பெரியவர் அவற்றின் வேலையை விளக்கினார். தெருக்களிலும் கூரைகளிலும் விழும் மழைநீர் வடிகால்கள் வழியாக இந்தக் குளங்களுக்கு வந்து சேர்கிறது. பெருமழையில் குளம் நிரம்பினால் தாழ்வான ஃபேர்வே சிறிது நேரம் நீரில் மூழ்கும், வீடுகள் மூழ்காது. குளங்களை வெட்டியபோது எடுத்த மண்ணைத்தான் வீட்டுமனைகளை உயர்த்தப் போட்டிருக்கிறார்கள். புல்லுக்குப் பாய்ச்சுவது குடிநீர் அல்ல, வளாகத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் நீர். தெளிப்பான்களின் மூடிகள் ஊதா நிறத்தில் இருந்ததும், குளக்கரையில் இந்த நீரைக் குடிக்க வேண்டாம் என்ற பலகை இருந்ததும் அதனால்தான். மைதானங்கள் தண்ணீரை வீணடிக்கின்றன என்ற குற்றச்சாட்டு பல இடங்களில் நியாயமானது. நல்ல முறையில் திட்டமிட்ட குடியிருப்பில் அதே மைதானம் வடிகாலாகவும் வெள்ளத் தடுப்பாகவும் வேலை செய்கிறது. ஆட வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஆடினால், அந்தக் குளத்தைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

பதினாறாம் குழி பார் 3. கிரீன் மூன்று வீடுகளின் பின்புறத் தோட்டங்களுக்கு நடுவில் அரைவட்டமாக அமைந்திருக்கிறது. தூரம் அதிகமில்லை, எட்டாம் எண் அயர்ன் போதும். ஆனால் கிரீனுக்கு வலமும் பின்னும் எல்லை, முன்னால் பங்கர் என்னும் மணற்குழி. தப்பினால் குட்டையாகத் தப்ப வேண்டும் என்பது இங்கே ஒரே தந்திரம். என் பந்து கிரீனின் முன்பகுதியில் விழுந்து, பள்ளம் ஒன்றை உண்டாக்கிவிட்டு நின்றது. அந்தப் பள்ளத்தைச் சரிசெய்யும்போது பலர் முள்கருவியை அடியில் செருகி மண்ணை மேலே நெம்புகிறார்கள். அதனால் வேர் அறுந்து, அங்கே புல் மீண்டும் பிடிக்க நாளாகும். ஓரங்களிலிருந்து நடுப்பக்கமாகச் சிறிது சிறிதாகத் தள்ளி, பிறகு மேலே மெல்லத் தட்டிச் சமன்செய்ய வேண்டும். நான் அதைச் செய்துகொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சிறுமி வேலிக் கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடுபவர்கள் எல்லாரும் ஏன் தரையைக் குத்துகிறார்கள் என்று அவள் கேட்க, அம்மையார் அவளை அழைத்து அந்தச் சிறு தழும்பைக் காட்டி விளக்கினார். அந்தக் குழியை நான் பாரில் முடித்தேன். நாளின் மிகச் சிறந்த அடி அந்த எட்டாம் எண் அயர்ன்தான் என்றாலும், என் மனத்தில் தங்கியிருப்பது அந்த உரையாடல்.

வளாகத்தில் குடியிருப்பவர்களில் ஆடுபவர்கள் சிறுபான்மையினர் என்று பெரியவர் சொன்னார். பெரும்பாலானோருக்கு மைதானம் என்பது ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சை. புல் வெட்டவும் மருந்திடவும் தெளிப்பான்களைப் பழுதுபார்க்கவும் ஆகும் செலவை, ஆடும் சிறுபான்மையினர் மட்டுமே சுமக்க முடியாது. வெளியாட்கள் தரும் கட்டணம்தான் அதைத் தாங்கி நிற்கிறது. வெளியாட்களை விடக்கூடாது என்று அவ்வப்போது எழும் குரல்களை அவர் ஒவ்வொரு முறையும் எதிர்த்து வந்திருக்கிறார். மைதானம் நொடித்துப்போய் மூடப்பட்டால், இடுப்பளவுக் களையையும் அதன்பின் புதுக்கட்டடங்களையும் அதே ஜன்னல்கள் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பல நாடுகளில் அப்படி மூடப்பட்ட மைதானங்கள் உண்டு. அவர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். அவர்களுக்கு எங்கள் கட்டணம் தேவை, எங்களுக்கு அவர்களின் பொறுமை தேவை. இதை இரு தரப்பும் தெரிந்து நடந்துகொண்டால் பெரும்பாலான சச்சரவுகள் எழவே எழாது.

கடைசி இரண்டு குழிகள் சாதாரணமானவை. பதினெட்டாம் குழி அகலமானது, வீடுகள் தள்ளியே இருக்கின்றன, நாள் முழுதும் உள்ளே வைத்திருந்த டிரைவரை இளைஞர் அங்கே ஆசைதீர அடித்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இவ்வகை மைதானத்தில் முன்பதிவு செய்யும்போதே நடந்து ஆட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின் ஒன்பதில் கிரீனுக்கும் டீக்கும் இடையே உள்ள தூரம் தெரியாமல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் பதின்மூன்றாம் குழியிலேயே களைத்துவிடுவீர்கள். எல்லை தாண்டிய பந்துக்கு இரண்டு அடி அபராதத்தோடு ஃபேர்வே ஓரத்தில் போட்டு ஆடும் விதி அங்கே நடைமுறையில் இருக்கிறதா என்பதை ஸ்டார்ட்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பையில் கூடுதல் பந்துகள் இருக்கட்டும். தோட்டத்துக்குள் போன பந்தை எடுக்க வேலி தாண்டாதீர்கள், கண்ணில் பட்டாலும் தாண்டாதீர்கள். விடியற்காலை ஆட்டமானால், வீடுகளை ஒட்டிய டீக்களில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். வசதிப்பட்டால் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் புள்ளிகளைக் கணக்கிட்டு ஆடுங்கள். அந்த முறையில் ஒரு குழி கைவிட்டுப் போனால் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடலாம் என்பதால், யாருடைய வேலி ஓரத்திலும் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்காது. நாங்கள் நால்வரும் அடுத்த முறை சேர்ந்து ஆடும்போது அப்படியே ஆடுவதாக முடிவு செய்திருக்கிறோம். பதினோராம் குழியின் மூலையை அம்முறை யாரும் முயல்வதில்லை என்பதும் அதில் அடங்கும்.